உன் அறையில் இப்போது குருவி இருக்கிறாள்

ஆண்டவருக்குள் பிரியமான என் மகளுக்கு அப்பா எழுதுவது. அவருடைய கிருபையில் நானும் உன் அம்மாவும் இங்கே உட்கார்ந்தால் எழுந்திருக்கவும் எழுந்தால் உட்காரவும் சிரமப்பட்டுக்கொண்டு, ஆனாலும் பெரிய நோய்நொடி ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்தால் ஒழுங்காகத் தூங்கி, உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்பித்தான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். போன மாதம் நீ எழுதியது கிடைத்தது. முதியோர் இல்லத்தில் இரண்டு பேர் வேலையை உன் ஒருத்தி தலையில் கட்டியிருக்கிறார்கள் என்று படித்தபோது மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. அம்மா அதை ஜன்னல் பக்கம் எடுத்துப்போய் இரண்டு தரம் வாசித்தாள். என் கையில் கொடுக்கும்போது, "இந்தாங்க, வானிலை அறிக்கை வந்திருக்கு" என்றாள். குளிர் எப்படி, மழை எப்படி என்று நீ எழுதுவதும், வெயில் எப்படி, காற்று எப்படி என்று நான் பதில் எழுதுவதும் எட்டு வருஷமாக நடக்கிறது அல்லவா, அதைத்தான் சொல்கிறாள். சொல்லிவிட்டுச் சிரிக்கவில்லை.

இங்கே லிஃப்ட் கெட்டுப்போய் ஏழு வாரம் ஆகிறது, மூன்று மாடி ஏறி இறங்க என் முழங்கால் ஒத்துழைக்க மாட்டேன் என்கிறது, ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று அறிவிப்புப் பலகையை வாசிப்பதுபோலப் பாசாங்கு பண்ணுகிறேன். வலது கண்ணில் புரை முற்றிவிட்டதாம், அறுவை செய்யலாம் என்கிறார் டாக்டர், நான்தான் தள்ளிப்போட்டுக்கொண்டு வருகிறேன். அச்சகத்தில் இன்னும் வாரத்தில் மூன்று நாள் ப்ரூஃப் பார்க்கக் கொடுக்கிறார்கள், ஒரு கண்ணால் பார்த்தாலும் பிழை அகப்பட்டுவிடுகிறது. போன வாரம் ஒரு விழா அழைப்பிதழில் தலைமை தாங்குபவர் என்பதற்குத் தலைமை தூங்குபவர் என்று அடித்து வைத்திருந்தான் அந்தக் கம்ப்யூட்டர் பையன். திருத்த மனசே வரவில்லை. நம் சபைக் கமிட்டிக் கூட்டங்களில் நான் பார்த்த தலைமைகளுக்கு அதுதான் சரியான வார்த்தை. அம்மாவிடம் சொன்னேன், அதற்கு மட்டும் சிரித்தாள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சுற்றி வளைத்துச் சுற்றி வளைத்து எழுதி நாலு தாளைக் கிழித்துப் போட்டாயிற்று. உன் அறையில் இப்போது ஒருத்தி இருக்கிறாள், உன்னைக் கேட்காமல் கொடுத்துவிட்டோம், கோபித்துக்கொள்ளாதே. உன் புத்தகங்களைப் பெட்டியில் அடுக்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளியிருக்கிறாள் அம்மா, ஒன்றையும் தூக்கிப்போடவில்லை. வந்திருப்பது குருவி. ஞாயிறு பள்ளியில் என் வகுப்பில் உன் பக்கத்தில் உட்காருவாளே, பெஞ்சில் உட்கார்ந்தால் கால் தரைக்கு எட்டாது, வாய் மட்டும் ஓயாது, நீதான் அவளுக்கு அந்தப் பேரை வைத்தாய். நீ இங்கிருந்து போன அதே வருஷம் அவளை நம் சபையின் கொயர் மாஸ்டருக்குக் கட்டிக்கொடுத்தார்கள் என்று உனக்கு எழுதியிருந்தேன். மாஸ்டரை உனக்குத் தெரியாது, நீ போன பிறகு வந்தவர். அவரைப் பற்றி ஒரு ஆள் ஒரு குறை சொல்லி நான் கேட்டதில்லை. கை கட்டிப் பேசுவார், கிழவிகளைக் கைத்தாங்கலாகப் படியிறக்கி விடுவார், என் தம்பியை அடக்கம் பண்ணின அன்று கல்லறையில் நின்று அவர் தனியாகப் பாடினபோது அங்கே அழாத ஆள் இல்லை, நானும் அழுதேன். அதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நடந்தது உனக்குப் புரியாது.

ஆறு வாரத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து எல்லாரும் கூடத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். குருவி இடது கையில் மாவுக்கட்டோடு நின்றாள். குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டேன் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள், எல்லாரும் ஐயோ பாவம் என்று சொல்லிவிட்டு பிஸ்கட் எடுக்கப் போனார்கள். உன் அம்மா ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு அறையில் இருபத்தாறு வருஷம் கையைப் பிடித்துக்கொண்டு நின்றவள், உனக்குத் தெரியாததா. நேரே போய் அவள் கையைத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தாள். "வழுக்கி விழறவ கைய ஊணுவா, தோலு உரிஞ்சிருக்கும். உன் உள்ளங்கை பூ மாதிரி இருக்கேடி" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள், பக்கத்தில் நின்ற எனக்கே பாதிதான் காதில் விழுந்தது. குருவி கட்டுப்போட்ட கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். அம்மா அவள் மற்றக் கையில் இருந்த கோப்பையை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, "நம்ம வீடு உனக்குத் தெரியும்ல, மூணாவது மாடி, லிஃப்ட் ஓடல, படியில வா" என்றாள். அவ்வளவுதான். வீட்டுக்கு வரும் வழியில் நான் என்ன ஏது என்று கேட்டேன். "கண்ணுல புரைன்னா ரெண்டு கண்ணுலயுமா" என்றாள்.

புதன்கிழமை மத்தியானம் மூன்று மணி இருக்கும், வெளியே நல்ல மழை, நான் மேஜையில் ஒரு பாடநூலின் ப்ரூஃபை விரித்து வைத்திருந்தேன். மணி அடித்தது, அம்மா போய்த் திறந்தாள். குருவி ஒரு கைப்பையோடு நனைந்து நின்றாள். அம்மா ஒரு கேள்வி கேட்கவில்லை, பையை வாங்கினாள், துண்டு கொடுத்தாள், உன் அறையைத் திறந்து விட்டாள். நான் எழுந்து போய்க் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? "மாஸ்டருக்குத் தெரியுமா?" அந்தப் பெண் கொஞ்ச நஞ்சம் இருந்த நிறமும் போய் அம்மாவைப் பார்த்தாள், இதோ இங்கேயும் இப்படித்தானா என்று கேட்பதுபோல. அம்மா அவளை உள்ளே அனுப்பிக் கதவைச் சாத்திவிட்டு என்னிடம் வந்தாள். "அன்னைக்கும் இதத்தான் கேட்டீங்க" என்றாள். "ஒன்பது வருஷத்துக்கு முன்னால நம்ம பிள்ள பையோட வந்து நின்னப்ப, சாப்டியாமான்னு கேக்கல, என்ன ஆச்சுன்னு கேக்கல, அவருக்குத் தெரியுமான்னு கேட்டீங்க. நான் பக்கத்துல நின்னேன். நான் வாயத் திறக்கல. அது என் பாவம். இன்னொரு தரம் அந்தப் பாவத்தப் பண்ண எனக்கு உடம்புல தெம்பு இல்ல." சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போய்ப் பால் சூடு பண்ணினாள். நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். ப்ரூஃபில் ஒரே வரியை எத்தனை தரம் வாசித்தேன் என்று தெரியவில்லை.

மகளே, அதை எழுதத்தான் இத்தனை சுற்று. அன்றைக்கு நீ உன் புருஷன் வீட்டிலிருந்து வந்தாய். முதுகில் ஒரு தழும்பைக் காட்டினதாக அம்மா சொன்னாள், நான் பார்க்க மறுத்தேன், அப்பன் பார்க்கிற இடமா என்று சொன்னேன், கேட்பதற்கு மரியாதையாக இருந்தது, உள்ளே இருந்தது பயம். பார்த்தால் எதையாவது செய்தாக வேண்டும். மூன்று நாள் உன்னை வீட்டில் வைத்திருந்தோம். அப்போதிருந்த போதகர் வந்து ஜெபித்தார், பொறுமை என்றார், சிலுவை என்றார், நான் தலையாட்டினேன். நான்காம் நாள் உன் பையை நானே தூக்கிக்கொண்டு பஸ் நிலையத்துக்கு வந்தேன். ஜன்னல் ஓரம் இடம் பிடித்துக் கொடுத்தேன். பஸ் கிளம்பும்போது கையசைத்தேன், நீ நேரே முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாய். பதினோரு மாதம் கழித்து அந்த வீட்டிலிருந்து நீயாகவே கிளம்பி, எங்களுக்கு வழியில் ஒரு வார்த்தை சொல்லாமல், இவ்வளவு தூரம் போய் வேலை தேடிக்கொண்டாய். ஏன் சொல்லவில்லை என்று அப்போது கோபப்பட்டேன். சொல்லியிருந்தால் நான் மறுபடியும் டிக்கெட் வாங்கிக் கொடுத்திருப்பேன், உனக்கு அது தெரிந்திருந்தது, எனக்குத்தான் தெரியவில்லை.

குருவி வந்து பத்து நாள் கழித்துக் கமிட்டி கூடியது. அவளே கேட்டுத்தான் கூட்டினார்கள். நான்தான் பதினாறு வருஷமாகச் செயலாளர், தீர்மானப் புத்தகம் எழுதுவது என் வேலை. சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குக் கூட்டம், நான் நாலு மணிக்கே போய் அறையைத் திறந்தேன். எதற்கு என்று தெரியாமலே அலமாரியைத் திறந்து பழைய புத்தகத்தை எடுத்துப் புரட்டினேன். இருந்தது. என் கையெழுத்து. "செயலாளர் குடும்பத்து விஷயம் ஜெபத்துடன் பேசி முடிக்கப்பட்டது." ஒரு வரி. உன் பேர்கூட இல்லை. எழுத்துப்பிழை ஒன்றும் இல்லை, முற்றுப்புள்ளி வைத்திருக்கிறேன், அடியில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அந்த நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தேன், மற்றவர்கள் வந்து விளக்கைப் போடும் வரைக்கும்.

நாங்கள் ஏழு பேர். தலைவர் கடிகாரக் கடைக்காரர், நல்ல மனிதர், யாருக்காவது சாவு என்றால் முதலில் போய் நிற்பவர். பெண்கள் சங்கத்தின் சார்பில் டீச்சர், பள்ளியிலிருந்து ஓய்வு பெற்றவர், கமிட்டியில் ஒரே பெண். அப்புறம் பஸ் டிரைவர், இன்னும் மூன்று பேர், நான். புதுப் போதகருக்கு ஓட்டு இல்லை, சின்ன வயசு, அன்று காலையிலிருந்து இரண்டு அடக்கம் முடித்துவிட்டு வந்து கண் சொருகி உட்கார்ந்திருந்தார். மாஸ்டரையும் கூப்பிட்டிருந்தோம். அவர் சிரித்த முகத்தோடு வாசல்வரை வந்து, "என்கிட்ட ஒளிக்க ஒண்ணுமில்லைங்க, அவளுக்குக் கொஞ்ச நாளா நரம்புத் தளர்ச்சி, அவ சொல்றதக் கேட்டு நீங்களே பெரியவங்களா ஒரு முடிவு பண்ணுங்க" என்று சொல்லிவிட்டுக் கொயர் ஒத்திகைக்குப் போய்விட்டார். சுவருக்கு அந்தப் பக்கம்தான் ஒத்திகை. கூட்டம் நடந்த நேரம் முழுக்க ஆர்கன் சத்தமும் பாட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது, அழகாக இருந்தது, அதுதான் தாங்க முடியவில்லை.

கடிகாரக் கடைக்காரர் வழக்கம்போல ஆரம்பித்தார், புருஷன் பொண்டாட்டி சண்டையில் நாம் மூக்கை நுழைத்தால் நம் மூக்குதான் உடையும், கீழ்ப்படிதல் என்று ஒன்று இருக்கிறது, மனைவி கொஞ்சம் தணிந்து போனால் எந்த வீடும் நிற்கும் என்று. ஆள் கெட்டவர் இல்லை மகளே, அந்த வார்த்தைகள் அவர் வாயில் தானாகச் சுழல்கின்றன, சாவி கொடுத்து விட்டதுபோல. குருவி எழுந்து நின்றாள். நின்றாலும் உட்கார்ந்திருக்கிறவர்கள் உயரம்தான் இருக்கிறாள் இன்றைக்கும். "அவர ஜெயில்ல போடுங்கன்னு உங்ககிட்ட கேக்க வரல. போலீசுக்குப் போறதா வேணாமாங்கறத நான் பாத்துக்கறேன். நான் கேக்கறது ஒண்ணுதான். ஞாயித்துக்கிழம அவர் முன்னால நின்னு கையத் தூக்கறாரு. சபை மொத்தமும் எழுந்து நிக்குது. அந்தக் கை என்ன பண்ணுச்சுன்னு தெரிஞ்ச நான் அந்தக் கையப் பாத்துகிட்டே எப்படிங்க ஆண்டவரப் பாடறது?" என்றாள். சுவருக்கு அந்தப் பக்கம் ஆண் குரல்கள் மட்டும் தனியாகப் பாடிக் காட்டிக்கொண்டிருந்தன.

அப்போது டீச்சர் பேசினார். அவர் அவள் பக்கம் பேசுவார் என்று நான் நினைத்தேன். "ஏம்மா, நாங்கெல்லாம் பொறுத்துக்கலையா?" என்று கேட்டார். கேட்டுவிட்டு அப்படியே நின்றுவிட்டார். தான் என்ன சொன்னோம் என்று அவர் காதில் அப்புறம்தான் விழுந்திருக்க வேண்டும். அவர் வீட்டுக்காரர் இறந்து ஏழு வருஷம் ஆகிறது, அடக்கத்தன்று நாங்கள் எல்லாரும் உத்தமர் என்று பேசினோம், நானும் பேசினேன். டீச்சர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார், மறுபடி போட்டுக்கொண்டார்.

குருவி அப்புறம் என் பக்கம் திரும்பினாள். "சார், ஒரு நாள் நீங்க பாடம் எடுத்தீங்க, கடவுள் மனுஷனத் தன் சாயலா படைச்சாருன்னு. நான் கை தூக்கி, பொம்பளப் பிள்ளைகளையுமா சார்னு கேட்டேன். பையன்க எல்லாம் சிரிச்சானுங்க. நீங்க சிரிக்கல. ஆமான்னீங்க. ஆமா, பொம்பளப் பிள்ளைகளையும்தான், பாதி பாதி இல்ல, முழுசா முழுசான்னு சொன்னீங்க. அந்த ஆமாவ வெச்சுகிட்டுத்தான் சார் எட்டு வருஷம் ஓட்டினேன். அவர் என்ன நாயேன்னு கூப்பிடறப்ப எல்லாம் அதத்தான் மனசுக்குள்ள சொல்லிக்குவேன். இன்னைக்கு உங்ககிட்டயே கேட்டுட்டுப் போயிடறேன். அது இப்பவும் ஆமாதானா?" எனக்கு அந்த நாள் நினைவில்லை மகளே. ஒரு சின்னப் பெண்ணுக்கு எதையோ சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போயிருக்கிறேன். அவள் பக்கத்தில் நீயும் உட்கார்ந்திருந்திருப்பாய். நீயும் அதைக் கேட்டிருப்பாய். அதைச் சொன்ன வாய்தான் உன்னைப் பஸ்ஸில் ஏற்றி அனுப்பியது.

நான் பதில் சொல்வதற்குள் கடிகாரக் கடைக்காரர், சரி சரி, மனசு வருத்தம் எல்லார் வீட்டிலும் உண்டு, இரண்டு பேரையும் உட்கார வைத்துப் போதகர் ஜெபிக்கட்டும், என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்து, "செயலாளர் எழுதிக்குங்க, குடும்ப விஷயம் ஜெபத்தோட பேசி முடிக்கப்பட்டது" என்றார். என் பழைய வரியேதான். பேனாவைத் திறந்து தாளில் வைத்தேன். வைத்த இடத்தில் மை ஊறி ஒரு பொட்டு விழுந்தது, பெரிதாகிக்கொண்டே போனது. பேனாவை மூடி வைத்தேன். "நடக்காதத எழுத மாட்டேன்" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. "ஒண்ணும் முடியல. இதே வரிய இதே மேஜையில உக்காந்து என் மக விஷயத்துல எழுதினேன். அவ கஷ்டத்துக்கு முற்றுப்புள்ளி வெக்கல, என் காத மூடிக்கிட்டேன், அவ்வளவுதான். குருவி, நான் சொன்ன ஆமா ஆமாதான். சொன்னது சரி. சொன்னவன்தான் சரியில்ல" என்றேன். உனக்குத் தெரியும், நான் கூட்டத்தில் பேசுகிற ஆள் இல்லை.

கடிகாரக் கடைக்காரர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். ஓட்டுக்கு விடலாம் என்று முதலில் சொன்னது பஸ் டிரைவர்தான். "நான் ஓட்டற வண்டியில ஒருத்தன் பொண்டாட்டிய அடிச்சா வண்டிய ஓரங்கட்டி இறக்கி விட்டுட்டுத்தான் மறுவேல. டிக்கெட் எடுத்திருக்கானா, நல்லாப் பாடுவானான்னு எல்லாம் கேக்க மாட்டேன். சர்ச்சுல மட்டும் என்னங்க இவ்வளவு யோசன?" என்றார். மாஸ்டர் முன்னால் நின்று நடத்துவதை நிறுத்த வேண்டும் என்று கேட்டபோது டிரைவர் கையைத் தூக்கினார், நான் தூக்கினேன், கடைசியில் உட்கார்ந்திருந்த இன்னொருவர் தயங்கித் தயங்கித் தூக்கினார். மூன்றுக்கு மூன்று. டீச்சர் மிச்சம். ரொம்ப நேரம் குனிந்திருந்தார். பிறகு கையைத் தூக்கினார், தலையை நிமிர்த்தாமலே தூக்கினார். கொயர் மாஸ்டரிடம் சொல்லப் போதகர் எழுந்து போனார். பாட்டு நடு வரியில் நின்றது. அந்த நிசப்தத்தை நான் இவ்வளவு காலம் வணங்கிய இடத்தில் அதற்கு முன் கேட்டதே இல்லை.

ஜெயித்துவிட்டோம் என்று நினைத்துக்கொள்ளாதே. மாஸ்டர் மறுவாரமே வேறு சபைக்குப் போய்விட்டார், இருபத்திரண்டு பேர் கொயரில் பன்னிரண்டு பேர் அவரோடு போனார்கள். அங்கே அவரை ஆர்கனில் உட்கார வைத்துவிட்டார்களாம். கடிகாரக் கடைக்காரர் என்னைத் தெருவில் கண்டால் கடைக்குள் ஏதோ தேடுவதுபோலக் குனிந்துகொள்கிறார், முப்பது வருஷச் சிநேகம். குடும்பத்தைப் பிரித்த பாவி என்று ஒருவர் என் முகத்துக்கு நேரே சொன்னார். செயலாளர் வேலையை நானே விட்டுவிட்டேன், கண்ணைக் காரணம் சொன்னேன், உண்மையில் களைத்துப்போய்விட்டது. நியாயத்தின் பக்கம் நின்றால் மனசு லேசாகும் என்று பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்திருக்கிறேன், அப்படியெல்லாம் ஆகவில்லை, காய்ச்சல் விட்ட மறுநாள் மாதிரி இருக்கிறது. கொயர் இல்லாத முதல் ஞாயிறு கேட்கச் சகிக்கவில்லை, கிழவிகள் ஒரு சுருதியில் பிடித்தார்கள், ஆண்கள் வேறு சுருதியில் போனார்கள், கடைசி அடிக்கு ஆளுக்கொரு நேரத்தில் வந்து சேர்ந்தோம். ஆனால் குருவி பாடினாள். கீச்சுக்குரல்தான், நான்கு வரிசை தள்ளி எனக்குக் கேட்டது. எட்டு வருஷமாக அவள் வாயை அசைக்க மட்டும்தான் செய்தாளாம், சத்தம் போட்டால் சுருதி கெடுகிறது என்று அவர் தடுத்திருந்தாராம். அதை அம்மாதான் சொன்னாள்.

அவளும் உடனே சிரித்த முகமாக ஆகிவிடவில்லை. வாசல் மணி அடித்தால் கோப்பையைக் கீழே போடுகிறாள், இதுவரை மூன்று போயிற்று. சில நாள் காலையில் யாரோடும் பேசுவதில்லை. அடுப்பு வேலையில் அம்மாவுக்கும் அவளுக்கும் ஒத்துப்போகவில்லை, உப்புக்கும் பாத்திரம் கழுவுவதற்கும் தினமும் ஒரு சின்ன யுத்தம், நான் ப்ரூஃபுக்குள் தலையை விட்டுக்கொள்கிறேன். போன திங்கட்கிழமை போலீஸ் நிலையத்துக்குப் போய் எழுதிக் கொடுத்தாள். அவளோடு துணைக்குப் போனது யார் தெரியுமா, டீச்சர். அங்கே மரபெஞ்சில் இரண்டு மணி நேரம் உட்கார வைத்தார்களாம், டீச்சர் ஒரு தரம்கூட அவள் கையை விடவில்லையாம். வெளியே வந்து, "என் காலத்துல ஒருத்தியாவது என்கூட வந்து உக்காந்திருக்கலாம்" என்று மட்டும் சொன்னாராம். கையில் கட்டு அடுத்த வாரம் பிரிக்கிறார்கள், அம்மாவே கூட்டிக்கொண்டு போகிறாள், பழைய ஆட்களிடம் பேசிவிட்டாளாம்.

இந்த நாட்களில் ஒரு கதை என்னை விடமாட்டேன் என்கிறது, நான் வருஷா வருஷம் வகுப்பில் சொன்ன கதைதான். பதினெட்டு வருஷம் முதுகு கூனிப்போய் நிமிர முடியாத ஒரு பெண், ஆண்டவர் அவளைக் கூப்பிட்டு நிமிர்த்தினார், ஓய்வுநாளில் ஏன் செய்தீர் என்று ஜெபஆலயத்துத் தலைவனுக்குக் கோபம் வந்தது. ஓய்வுநாளில் நன்மை செய்யலாமா கூடாதா என்பதுதான் பாடம் என்று சொல்லிக்கொடுத்து முடித்துவிடுவேன். அந்தப் பெண் அங்கேயேதானே இருந்திருப்பாள் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை. பதினெட்டு வருஷமும் வந்து போய்க்கொண்டிருந்திருப்பாள், தரையைப் பார்த்தபடி. எல்லாரும் அவளைத் தாண்டிப் போய்த் தங்கள் இடத்தில் உட்கார்ந்திருப்பார்கள். அவர் ஒருவர்தான் போதனையைப் பாதியில் நிறுத்திவிட்டு, அவளை எல்லாருக்கும் முன்னால் கூப்பிட்டு, ஆபிரகாமின் மகள் என்று சொன்னார். மகன்களை மட்டும் அப்படிச் சொல்லிப் பழகியவர்கள் நடுவில் நின்று சொன்னார். உயிர்த்தெழுந்த சேதியைக்கூட அவர் முதலில் பெண்கள் கையில்தான் கொடுத்தார், கேட்ட ஆண்கள் பிதற்றல் என்றார்கள். ஆண்டவர் பெண்ணை என்னவாகப் பார்த்தார் என்பதில் எனக்கு என்றைக்கும் சந்தேகம் இருந்ததில்லை, கேட்டிருந்தால் தலைகீழாக ஒப்பித்திருப்பேன். அந்தப் பெண் என் வீட்டு வாசலில் பையோடு வந்து நின்றபோதுதான் எனக்கு அடையாளம் தெரியவில்லை.

அதனால் மகளே, மன்னித்துவிடு என்று எழுதுகிறேன். இந்த வார்த்தையை எழுதிவிட்டால் கணக்குத் தீர்ந்தது என்று நினைக்கவில்லை. நீ உடனே பதில் எழுத வேண்டாம், எழுதினாலும் மன்னித்தேன் என்றுதான் எழுத வேண்டும் என்றும் இல்லை. கோபமாக எழுது, திட்டி எழுது, அம்மா சொல்கிறாள், எதுவாக இருந்தாலும் வானிலையை மட்டும் எழுதாதே என்று. நீ தப்பு எதுவும் செய்யவில்லை. தாங்கிக்கொள்ளாமல் வந்தது தப்பில்லை, எங்களிடம் சொல்லாமல் போனதும் தப்பில்லை. அந்த வீட்டைவிட்டு உன் காலால் நடந்து வெளியேறினாயே, அந்தத் தைரியத்தை எங்கிருந்து எடுத்தாயோ, என்னிடமிருந்து இல்லை, அது ஆண்டவர் உனக்குக் கொடுத்தது, அவர் உன்னோடுதான் வந்தார், எங்களோடு இங்கே தங்கிவிடவில்லை. இதை ஒன்பது வருஷத்துக்கு முன்னால் என் வாயிலிருந்து கேட்கும் உரிமை உனக்கு இருந்தது.

கண்ணுக்கு அடுத்த மாதம் அறுவை செய்துகொள்ளச் சம்மதித்துவிட்டேன், அம்மா விடவில்லை. உனக்கு இரட்டை வேலை கொடுக்கிற அந்த மேற்பார்வையாளரிடம் முடியாது என்று சொல்லக் கற்றுக்கொள், கிழவர்களைத் தூக்கும்போது முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்கித் தூக்கு, இது அம்மா சொல்லச் சொன்னது. குருவி உன் மேல்சட்டை ஒன்றை எடுத்துப் போட்டுக்கொள்கிறாள், அதன் அரைக்கை முழங்கைக்குக் கீழே தொங்குகிறது, கேட்டுச் சொல்லுங்கள் என்றாள்.

உன்னைக் கண்ணின் மணிபோலக் காக்கிறவர் உன் வேலையிலும் தூக்கத்திலும் உன் பக்கத்தில் இருப்பாராக, உன்னைத் தாழ்த்திப் பேசுகிற எந்த வார்த்தையும் உன்மேல் ஒட்டாதிருப்பதாக, அவருடைய சமாதானம் உன் அறையையும் உன் மனசையும் நிரப்புவதாக. மறக்காமல் ஒன்று. மாஸ்டர் இரண்டு தரம் வந்து கதவைத் தட்டியதால் வீட்டுப் பூட்டை மாற்றிவிட்டோம். உன்னிடம் இருக்கும் பழைய சாவி இனிமேல் சேராது. புதுச் சாவியில் ஒன்றைத் தாளில் சுற்றி இந்த உறைக்குள் வைத்திருக்கிறேன், பிரிக்கும்போது கீழே விழுந்துவிடாமல் பார்த்து எடு. வருவதும் வராததும் உன் இஷ்டம். வந்தால் எந்த நேரமானாலும் மணி அடிக்க வேண்டியதில்லை, யாரையும் கேட்க வேண்டியதில்லை, நீயே திறந்துகொண்டு உள்ளே வா.

உன்னிடம் கடன்பட்டிருக்கும் உன் அப்பா.